என்று வைத்துக்கொள்வோம்

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியை விட்டு ஒருவரும் வெளியே போக முடியாது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. கணிதத்தில் முதுகலை முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் வருடக்கணக்காகப் பாடம் நடத்தி, தலைமயிரில் பாதியை இழந்த பிறகு, தீர யோசித்து நம்பினேன். அந்த நம்பிக்கையின் மேல்தான் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தேன்.

காரணம் ஒரு பெண்மணி. அவரும் திருத்தணிதான். சரவணப் பொய்கைக்குப் பின்பக்கத் தெருவில் அப்பாவோடு குடியிருந்தார். கிருத்திகை வந்தால் அந்தத் தெருவில் காவடிக்காரர்களும் மொட்டைத் தலைகளும் சந்தனமும் புளிசாதப் பொட்டலமும் நிறைந்துவிடும். வாசல் கதவைத் திறந்தாலே யாராவது உள்ளே வந்து விழுவார்கள். பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே அவர் அன்று சென்னைக்கு வர முடியாது. ஆகவே என் தேர்வில் கேள்வி கேட்க முடியாது. ஆகவே நான் முனைவர். கணக்கு வாத்தியார் வரிசையாக ஆகவே போட்டால் வகுப்பே தலையாட்டும். நானும் தலையாட்டினேன்.

அவர் பெயர் வேண்டாம். நாங்கள் ஆய்வு செய்த சென்னைப் பல்கலைக்கழகத் துறையிலும் யாரும் அதைச் சொல்வதில்லை. "சின்ன சந்தேகம் உள்ள உக்காந்துகினு இருக்குதா பாரு" என்றுதான் கேட்பார்கள். கூட்டத்தில் எழுந்தால் "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்குவதால் வந்த பெயர். குள்ளமாக இருப்பார். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். ஆனால் புடவையைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்தால் ஒன்றும் பெயராது. தச்சரைப் போலக் காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். அந்தப் பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தால் மேடையில் நிற்பவனுக்கு நாக்கு உலரும்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ஏதோ மல்யுத்தம் மாதிரித் தோன்றும். உள்ளே அது கல்யாணம். நாள் பார்ப்பார்கள், மனைவி பட்டுப்புடவையில் வருவாள், பொன்னாடை உண்டு, குரூப் போட்டோ உண்டு, முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி உண்டு. மாப்பிள்ளை தாலி கட்டாமல் திரும்பிப் போனதாக எங்கள் துறையில் யாருக்கும் நினைவில்லை. நடுவில் மட்டும் ஒரு சடங்கு: வந்திருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்விகளை நாமே எழுதி, பதிலையும் மனப்பாடம் செய்துகொண்டு, நண்பர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். "உங்கள் ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்?" என்று நண்பர் கேட்பார். நாம் நெற்றியைச் சுருக்கி, இப்போதுதான் யோசிப்பவர் போல ஒரு கணம் நின்று, ஒப்பிப்போம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்கும் இது தெரியும். அவரும் கல்யாணம் ஆனவர்தான்.

இந்தக் கல்யாணங்களில்தான் அவர் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்து, உண்மையான கேள்வி கேட்பார்.

ஒருமுறை ஒரு தம்பி சர்க்கரை நோயாளிகளைப் பற்றிப் புள்ளியியல் ஆய்வு செய்திருந்தான். ஒரே ஒரு மருத்துவமனையில் விவரம் சேகரித்து, மாவட்டம் முழுவதற்கும் முடிவு சொல்லியிருந்தான். நண்பர்கள் கேட்டு முடித்தார்கள். பென்சில் கைக்கு வந்தது.

"சார், ஒரு சின்ன சந்தேகம். கடைசியில வந்த கணக்கெல்லாம் சரியாதான் இருக்குது. ஆரம்பத்துல, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களும் வராம வீட்ல இருக்கறவங்களும் ஒரே மாதிரின்னு வெச்சிகினீங்களே. அத யார கேட்டு வெச்சிகினீங்க?"

தம்பி தண்ணீர் குடித்தான். "அது ஸ்டாண்டர்டு அசம்ப்ஷன் மேடம்."

"ஆங், தெரியுதுங்க. யாரு ஸ்டாண்டர்டு பண்ணாங்கன்னுதான் கேக்கறேன்."

அவ்வளவுதான் அவர். முடிவைத் தொடமாட்டார். ஊரே கைதட்டும் தேற்றத்தை விட்டுவிட்டு, முதல் பக்கத்தில் யாரும் படிக்காமல் தாண்டிப் போகிற "என்று வைத்துக்கொள்வோம்" என்ற வரியில் போய் நிற்பார். கெட்ட எண்ணம் கிடையாது. பிரியாணிப் பந்தியில் அதே தம்பிக்கு எதிரில் உட்கார்ந்து, "நல்லா யோசிச்சப்பா, பதில் வரலன்னாலும் யோசிச்ச பாரு" என்று மனதாரப் பாராட்டி, தயிர்ப் பச்சடியை இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. பட்டம் என்னவோ கிடைத்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால், அவர் கேள்வியால் எவருடைய பட்டமும் நின்றதில்லை. இத்தனை கல்யாணங்களை நேரில் பார்த்தும் இந்தச் சின்ன உண்மை என் கணக்கில் ஏறவில்லை. நான் பயந்த பயத்தில் புள்ளியியலுக்கு இடமில்லை.

நாங்கள் இருவரும் பகுதிநேர ஆய்வாளர்கள், ஒரே நெறியாளர். சனிக்கிழமைகளில் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ஒரே மின்சார ரயிலில் போவோம். அரக்கோணம் வரை கொய்யாப்பழத்தில் உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக்கொண்டு வருவார். ரயிலிலும் அதே குணம்தான். மலைக்கோயில் படிகள் வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். இவர் பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது கோயில் குருக்களிடம் போய், "சாமி, லீப் வருஷத்துல ஒரு நாளு கூட வருதே, அதுக்கு எந்தப் படி?" என்று கேட்டாராம். குருக்கள் விபூதியை அவர் கையில் போட்டு, "அன்னிக்கு நீ வீட்லயே இருந்து சேவிச்சுக்கோம்மா" என்றாராம்.

பெண் பார்க்க வந்த கதையையும் அவரே ரயிலில் சொன்னார், சிரித்துக்கொண்டு.

"பத்துல எட்டுப் பொருத்தம் இருக்குதுன்னு மாப்பிள்ள அப்பா பெருமையா சொல்றாரு சார். நான் காபி தட்ட வெச்சிட்டு, வராத ரெண்டு எதுங்கன்னு கேட்டேன். தப்பா?"

"கேட்டதுக்கு என்ன சொன்னாங்க?"

"யாருக்குமே தெரியல. பஜ்ஜிய கூட தொடாம கிளம்பிட்டாங்க. எங்க நைனா ஒரு வாரம் என்கிட்ட பேசல. அப்பறம் அவரே வந்து, 'அது எந்த ரெண்டா இருக்கும்மா'ன்னாரு."

நைனா என்றது அவர் அப்பாவை. அதற்குப் பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. அவரும் நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் கொய்யாவை மெல்லுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஒரு கையெழுத்து. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னால் சினாப்சிஸ் என்று ஒரு சுருக்கம் கொடுக்க வேண்டும். நெறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் அது நகரும். பதிவுக்குக் காலவரம்பும் உண்டு, தாண்டினால் ரத்து. எனக்கு வெகு முன்பே பதிவு செய்தவர் அவர். அவருடைய சினாப்சிஸ் எங்கள் நெறியாளரின் மேஜையில், கண்ணாடிக் குண்டு ஒன்றின் அடியில், வருடங்களாகக் கிடந்தது. போகும்போதெல்லாம் அவர் அதைப் பார்ப்பார். நெறியாளர் அவரைப் பார்ப்பார்.

"பாக்கலாம்மா."

"சார், எதாச்சும் தப்பு இருந்தா சொல்லுங்க சார், திருத்திட்டு வரேன்."

"தப்பு உன் தீசிஸ்ல இல்லம்மா. வெளியூர்ல இருந்து வந்தவரு முன்னாடி என் ஸ்டூடண்ட நிக்க வெச்சி கேக்கற பாரு, அதுலதான் இருக்கு."

நெறியாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காபி வாங்கிக் கொடுப்பார். மகள் கல்யாணத்துக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். தன் மாணவர்களின் ஏடுகளில் முதல் பக்கத்து வரிகளைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை இல்லை.

என் வண்டி மட்டும் தடையில்லாமல் ஓடியது. நெறியாளர் குடும்பத்தோடு திருத்தணிக்கு வந்தால் மலைமேல் வரிசையில் நிற்காமல் தரிசனத்துக்கு ஏற்பாடு செய்கிறவன் நான். என் ஆய்வின் தலைப்பு என்ன தெரியுமா? வரிசைகள். ரயில் நிலையப் பயணச்சீட்டுக் கவுன்டரில் ஆட்கள் எப்படி வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று சமன்பாடு சமன்பாடாக எழுதியிருந்தேன். "முதலில் வந்தவருக்கு முதலில் சேவை என்று வைத்துக்கொள்வோம்" என்று முதல் பக்கத்தில் ஒரு வரி. இந்தத் துறையில் எல்லோரும் எழுதுகிற வரி அது. பிள்ளையார் சுழி மாதிரி.

"எப்ப சார் உங்க வைவா?" என்று ஒரு சனிக்கிழமை அவர் கேட்டார்.

கொய்யாவை மெல்லாமலே விழுங்கினேன். "இன்னும் தேதி வரல மேடம்."

தேதி வந்திருந்தது. முருகனுக்கு உகந்த நாள் சார் என்று நெறியாளரிடம் பக்தியாகக் குழைந்து நானே வாங்கிய தேதி.

அதற்குள் வீட்டில் பயம் வேறு உருவம் எடுத்திருந்தது. அரக்கோணத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார். அதில் நான் காதில் செல்போனை வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறேன். தலைக்கு மேல் "முனைவர்".

"பாவா, இன்னும் பட்டம் வரல."

"தாலி கட்டறதுக்கு முன்னாடிதான மச்சான் பத்திரிக அடிக்கறாங்க? சும்மா இரு."

சும்மா இருக்க முடியவில்லை. அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, நிற்காமலே திரும்பிப் போகிறவர்களை எண்ணினீர்களா? ஆஸ்பத்திரிக்கு வராதவர்களைக் கேட்டவர் இதைத்தான் கேட்பார். அதற்கு ஒரு பதில் தயாரித்தேன். புத்தகங்களைப் புரட்டினேன்; ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, கவுன்டரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை எண்ணினேன். டீக்கடைக்காரர் என்னை வேவு பார்க்க வந்த அதிகாரி என்று நினைத்து, சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார். ஏட்டில் இல்லாத ஒரு புது அத்தியாயமே என் தலைக்குள் முளைத்துவிட்டது. அடுப்படியில் மனைவியை அவராக நிற்கவைத்து ஒத்திகை பார்த்தேன்.

"காதுல கரண்டிய செருகிகினு கேளு."

"சின்ன சந்தேகங்க," என்றாள் அவள், தோசையைத் திருப்பியபடி. "ஒரு பொம்பளைக்கு இப்படி நடுங்கறீங்களே, உங்களுக்கு யாரு டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?"

கிருத்திகைக்கு முதல் நாளே குடும்பத்தோடு சென்னையில் வில்லிவாக்கத்து உறவினர் வீட்டுக்குத் தப்பிவிட்டேன். காலையில் பட்டுப்புடவை, ஸ்வீட் டப்பாக்கள், பொன்னாடைகள் சகிதம் துறைக்குள் நுழைந்தேன். மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி, காதில் பென்சில்.

ஸ்வீட் டப்பாக்களை மனைவி கையில் திணித்துவிட்டு அவரிடம் ஓடினேன்.

"மேடம், நீங்க எப்படி இன்னைக்கு..."

"போர்டுல போட்டிருந்துச்சே சார். நம்ம கைடு சாரும் போன் பண்ணி வர சொன்னாரு."

"கூட்டத்துல எப்படி வந்தீங்க?"

"கூட்டம் எல்லாம் ஊருக்குள்ளதான சார் வருது? இந்தப் பக்கம் வர்ற வண்டி காலி. கால நீட்டிகினு வந்தேன்."

வரிசைகளைப் பற்றி ஆய்வேடு எழுதியவன் நான். வருகிற கூட்டத்தை மட்டும் எண்ணியிருந்தேன். வந்த ரயில் காலியாகத் திரும்பிப் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணம் தொடங்கியது. நான் பேசினேன். நண்பர்கள் கேட்டார்கள். இரண்டாவது நண்பர் பதற்றத்தில் முதல் நண்பரின் கேள்வியையே வாசித்தார். நானும் நெற்றியைச் சுருக்கி, இப்போதுதான் கேட்பவன் போல, அதே பதிலை மறுபடி சொன்னேன். தேர்வாளர் குனிந்து சிரித்துக்கொண்டு, "வேறு யாராவது?" என்றார்.

அறை முழுவதும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

பென்சில் கைக்கு வந்தது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் போகிறவர்கள், டீக்கடை, புது அத்தியாயம், எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அவர் வாய் லேசாகத் திறந்தது. பிறகு நெறியாளர் பக்கம் பார்த்தார். நெறியாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பென்சில் மறுபடியும் காதுக்குப் போயிற்று.

"இல்லைங்க சார்," என்றார்.

கைதட்டினார்கள். பொன்னாடைகள் விழுந்தன. ஆனந்தப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என் ஆய்வில் நானே சொந்தமாக யோசித்த ஒரே பகுதி அந்தப் பதில்தான். அதைக் கேட்க ஆளில்லை. பந்தியில் அவர் பிரியாணியைக் கிளறிக்கொண்டே இருந்தார். தயிர்ப் பச்சடி கேட்கவில்லை.

சாயங்காலம் தெப்பம் பார்க்கப் போகிற கூட்டத்தோடு திருத்தணி ரயிலில் நானும் மனைவியும் அவரும் நசுங்கிக்கொண்டு போனோம். மனைவிக்கு யாரோ மூட்டை மேல் உட்கார இடம் கொடுத்தார்கள். மயிலிறகுக் காவடி ஒன்று என் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தது.

"ஏன் மேடம் கேக்கல?"

"சாரு சொல்லிட்டாரு. வந்து உக்காரு, எல்லாரும் பாக்கட்டும், வாய மட்டும் தொறக்காத, அடுத்த வாரம் சினாப்சிஸ்ல கையெழுத்துன்னு." அவர் கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார். "டைம் முடிய போவுது சார். நைனாவும் கேட்டுகினே இருக்காரு."

"நல்லது மேடம். கையெழுத்து ஆயிடும்." என்னால் அடக்க முடியவில்லை. "ஆனா, க்யூவ பாத்துட்டுத் திரும்பிப் போறவங்கள பத்திதான கேக்கணும்னு இருந்தீங்க? அதுக்குப் பதில் வெச்சிருந்தேன்."

"அதுவா? அது இல்ல சார்." முதல் தடவையாக அன்று சிரித்தார். "மொத பக்கத்துல, முன்னாடி வந்தவங்களுக்கு முன்னாடி சேவைன்னு வெச்சிகினீங்களே. போன மாசம் நைனாவ கண்ணாஸ்பத்திரிக்கு கூட்டிகினு போறதுக்கு, நம்ம ஸ்டேஷன்ல அதே கவுன்டர்ல நின்னுகினு இருந்தேன். எனக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் தோளுக்கு மேல கைய விட்டு டிக்கெட் வாங்கிகினு போறாங்க. தெரிஞ்சவங்க சைடுல வந்து வாங்கறாங்க. நான் அப்படியே நிக்கறேன். அந்த வரிய யார கேட்டு வெச்சிகினீங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

டீக்கடையில் உட்கார்ந்து எண்ணினேனே தவிர, அந்த வரிசையில் நான் நின்றதே இல்லை. என்னிடம் சீசன் பாஸ் இருந்தது.

ஸ்வீட் டப்பாக்களை மடியில் வைத்திருந்த என் மனைவிதான் கேட்டாள். "அப்பறம் டிக்கெட் கிடைச்சுதாங்க மேடம்?"

"கிடைச்சுதுங்க. அதுக்குள்ள வண்டி போயிடுச்சு."

ரயில் நின்றது. கூட்டம் அரோகரா என்று இறங்கியது. அவர் குள்ளம், காவடிகளுக்கு நடுவில் உடனே மறைந்துவிட்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரில் என் ஃபிளெக்ஸ் ஏறிவிட்டிருந்தது.

இப்போது அவர் அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்கான போட்டித் தேர்வுகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் இருக்கும்; ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஏன் என்று நின்றால் நேரம் போய்விடும். போன வருடம் நடைமேடையில் பார்த்தேன். காதில் பென்சில் இல்லை. "நல்லா இருக்கீங்களா டாக்டர்?" என்று விசாரித்தார். நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார்.

அந்த அடுத்த வாரம் நெறியாளர் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போடவில்லை. பிறகு ஓய்வு பெற்றுவிட்டார். காலவரம்பு முடிந்து அந்தப் பெண்மணியின் பதிவு ரத்தானது. அவருக்குப் பின்னால் பதிவு செய்த நாங்கள் எல்லோரும் முனைவர்கள்.